கியூவுக்கும் எண்டருக்கும் நடுவில்

கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் முன்னால், இந்த மாதம் முடிவதற்குள் யாராவது வந்து நிற்பார். முகம் வெளிறியிருக்கும். “தெரியாம அழிச்சுட்டேன்” என்பார். எதை அழித்தார், ஏன் அழித்தார் என்று விசாரிக்க உட்காராதீர்கள். “அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று மட்டும் கேளுங்கள். முப்பது வருட வேலையில் நான் கற்ற ஒரே நல்ல கேள்வி இது. இதை நான் கற்றது ஒரு கோழிப் பண்ணையில்.

அதற்கு முன்னால் நான் பத்திரிகைக்காரன். எழுபதுகளில் ஒரு நாளிதழின் சேலம் அலுவலகத்தில், கம்பி வழியாக ஊர்விட்டு ஊர் செய்தி அடிக்கும் டெலிபிரிண்டரின் ஆபரேட்டராக இருந்தேன். செய்தி ஆசிரியர் மேஜையில் ஒரு மரக்கட்டை, அதில் நிமிர்ந்து நிற்கும் நீளமான ஆணி. வேண்டாம் என்று ஒதுக்கிய செய்தித் தாள்களை அவர் கிழிக்கமாட்டார், அந்த ஆணியில் குத்திவிடுவார். பத்து மணிக்கு ஒதுக்கிய செய்தி பதினோரு மணிக்குத் தேவைப்பட்டால் ஆணியிலிருந்து உருவிக்கொள்ளலாம். இதழ் அச்சுக்குப் போன பிறகு துப்புரவுக்காரர் வந்து ஆணியை மொத்தமாகக் காலி செய்வார். அதன் பிறகு ஆண்டவனே வந்து கேட்டாலும் கிடைக்காது.

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் போகும் வழியில் இருந்த ஒரு முட்டைக் கோழிப் பண்ணைக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகப் போனேன். அங்கே இருந்த மெயில் புரோகிராம் அந்த ஆணியைப் போலவேதான் நடந்துகொண்டது. ஒரு மெயிலைப் படித்துவிட்டு ‘டி’ அடித்தால் அது பார்வையிலிருந்து மறையும், ஆனால் போகாது. ஆணியில் குத்தப்பட்டு நிற்கும். ‘யூ’ அடித்தால் திரும்ப வரும். வேலை முடிந்து ‘கியூ’ அடித்து எண்டர் தட்டிப் புரோகிராமை மூடினீர்களானால், அந்த நொடியில் துப்புரவுக்காரர் வந்துவிடுவார். உங்களுடைய இன்றைய மெயிலில் குப்பைத் தொட்டி உண்டு, முப்பது நாள் தவணை உண்டு, அனுப்பியவரிடம் நகல் உண்டு. எங்களுக்கு மூன்றும் கிடையாது.

தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு, கடலைப் புண்ணாக்கு எவ்வளவு, கருவாடு எவ்வளவு என்று கணக்குப் போடத்தான் முதலாளி அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். இயந்திரம் என் அறையில் இருந்தது. பண்ணையிலேயே ஏசி உள்ள ஒரே அறை அது என்பதால், சாப்பாட்டு நேரத்துக்குப் பின் சந்தேகம் கேட்க நிறையப் பேர் வருவார்கள். அங்கிருந்து கேபிள் வழியாக, திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள நான்கு டெர்மினல்கள். முதலாளி அறையில் ஒன்று, மேனேஜர் அறையில் ஒன்று, முட்டை குடோனில் ஒன்று, தீவன மில்லில் ஒன்று. மேனேஜர் கண்டிப்பானவர். கம்ப்யூட்டர் வந்த மறுவாரமே, இனி வாயால் சொன்னது எதுவும் செல்லாது, எல்லாம் மெயிலில் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவையும் மெயிலில்தான் அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க மக்கள் பழகிக்கொண்டார்கள்.

என் பங்குக்கு நானும் ஓர் உத்தரவு போட்டேன். எழுந்து போகும் முன் கியூ அடித்து எண்டர் தட்டி மூடவும், திறந்து கிடப்பதை யார் பார்த்தாலும் மூடவும் என்று சிவப்பு மையில் எழுதி நான்கு டெர்மினல்களின் தலையிலும் ஒட்டினேன். அதைச் செய்யாதவர்களிடம் முகம் சுளித்தேன். ஒரு மாதத்தில் பண்ணையே பழகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை.

தீவன மில் சூப்பர்வைசர் செங்கோட்டுவேலின் மெயில் பெட்டியில்தான் எனக்கு இன்னும் பெருமை. அது எப்போதும் காலியாக இருக்கும். வந்ததைப் படித்த கையோடு அழித்துவிடுவார். முன்பு மில்லில் கரும்பலகை இருந்ததாம். அன்றைய தீவனக் கலவையை அதில் எழுதி, கலந்து முடித்ததும் துடைத்துவிட வேண்டும். ஒருமுறை துடைக்க மறந்து, மறுநாள் அதே கலவை இன்னொரு தடவையும் போய்விட்டதாம். அந்தப் பழக்கம்தான் என்று சொன்னார். நான் நம்பினேன். மற்றவர்களிடம் அவரை உதாரணம் காட்டிப் பேசவும் செய்தேன்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். செங்கோட்டுவேல் என் அறைக்குள் வந்து நின்றார். ஏசிக்கு வந்தவர் போல் தெரியவில்லை.

“சார், ஒரு மெயில் அழிஞ்சு போச்சுங்க.”

“அழிஞ்சுதா, அழிச்சீங்களா?”

“கைதானுங்க. நான் ஒண்ணும் பண்ணல.”

விஷயம் இதுதான். மறுநாள் காலை அவர் மகளுக்குக் கல்யாணம். அன்று மாலை மாப்பிள்ளையை ஜேடர்பாளையத்திலிருந்து அழைத்து வர வேண்டும். நிச்சயத்தன்று பேச்சுவாக்கில், மாப்பிள்ளை அழைப்புக்கு முதலாளியின் வெள்ளை அம்பாசிடர் வரும் என்று இவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா உடனே, “கோழிப் பண்ணைச் சம்பந்தமுங்களே, முட்டை வேன்ல தான் கூட்டிட்டுப் போவீங்களோன்னு பயந்துட்டனுங்க” என்றாராம். பந்தியில் இருந்தவர்கள் சிரித்ததை இவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை. முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி, கடைசியில் முந்தின நாள் கேட்டிருக்கிறார். முதலாளி சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இன்று காலை பம்பாய் கிளம்பும் முன் தன் அறையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், தன் கையாலேயே ஒரு மெயில் அடித்து அனுப்பிவிட்டு மைத்துனர் காரில் சேலம் சூரமங்கலம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். வெள்ளைக் கார் கொடுக்கவும் என்று அதில் இருந்தது. செங்கோட்டுவேல் அதைப் படித்தார். கண் கலங்கியது. கை வழக்கம்போல ‘டி’ அடித்தது.

மேனேஜர் கார் சாவி தர மறுத்துவிட்டார். சண்டையெல்லாம் போடவில்லை. எழுத்தில் காட்டுங்கள், சாவி தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முதலாளியோ ரயிலில். பம்பாய் போய் இறங்குவதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டும் நேரமே தாண்டிவிடும்.

“நாலு மணிக்கு ஜேடர்பாளையத்துல கார் நிக்கோணுங்க சார். இல்லீன்னா நம்மகிட்ட இருக்கறது முட்டை வேன் தான்.”

அப்போதுதான் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். யோசித்துக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆணி ஞாபகம் வந்தது.

“அழிச்ச பிறகு என்ன செஞ்சீங்க?”

“சந்தோசத்துல நேரா மேனேஜர் ரூமுக்கு ஓடினனுங்க.”

“மூடிட்டு ஓடினீங்களா?”

“அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?”

ஒருவரின் ஒழுங்கீனம் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை. மெயில் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. அந்த மகிழ்ச்சி, சிவப்பு மையில் நான் எழுதி ஒட்டிய தாள் நினைவுக்கு வரும்வரை நீடித்தது. தீவன மில்லில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு பேரையும் நான் நன்றாகப் பழக்கியிருக்கிறேன்.

இண்டர்காமை எடுத்துச் சுற்றினேன். நான்கைந்து முறை மணி அடித்த பிறகு, சோளம் எடை போடும் பாவாயி எடுத்தார்.

“பாவாயக்கா, அந்த டெர்மினல் திறந்து கிடக்குதா?”

“ஆமாங்க சார். போட்டது போட்டபடி போயிட்டாருங்க. நீங்க ஒட்டி வெச்சிருக்கற மாதிரியே நாந்தானுங்க மூடிட்டு இருந்தேன். கியூ அடிச்சாச்சு. எண்டர்தான் பாக்கி, அதுக்குள்ள போன் அடிச்சிருச்சு.”

“எண்டரைத் தொடாதீங்க.”

“தொட்டுட்டுத் தானுங்க இருக்கறேன். அமுக்கல.”

அவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை எண்டர் பொத்தானின் மேல் வைத்தபடி நிற்கிறார் என்பது எனக்குப் புரியச் சில வினாடிகள் ஆயின.

“விரலை மெதுவா மேலே தூக்குங்க.”

“தூக்கிட்டனுங்க. இப்ப இந்தக் கைய எங்க வெச்சுக்கட்டுங்க?”

எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். செங்கோட்டுவேல் எனக்கு முன்னால் ஓடினார். என் அறைக்கும் மில்லுக்கும் நடுவில் மூன்று கோழிக் கொட்டாய்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி, நோய் பரவாமல் இருக்கக் காலை நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அவசரம் என்று தாண்டிக் குதிக்க எனக்குத் துணிவில்லை, மேனேஜர் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது. மூன்று தொட்டியிலும் நின்று காலை நனைத்தோம். மூன்றாவது தொட்டியில் செங்கோட்டுவேல் தன் செருப்பை விட்டுவிட்டு வந்தார்.

பாவாயி டெர்மினல் முன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். திரையில் கியூ என்ற ஒற்றை எழுத்து. அதன் பக்கத்தில் சின்னக் கட்டம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். நீங்களும் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கியூவை அழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த டெர்மினலின் அழிக்கும் பொத்தானை நம்ப முடியாது. சில சமயம் திரையில் எழுத்து மறைந்துவிடும், உள்ளே இயந்திரம் அதை அப்படியே பிடித்து வைத்திருக்கும். அழிந்துவிட்டது என்று நம்பி அடுத்ததை அடித்து எண்டர் தட்டினால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. டெர்மினலின் மின்சாரத்தைப் பிடுங்கலாமா என்றார் செங்கோட்டுவேல். அதற்கும் பயந்தேன்.

டெலிபிரிண்டரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை, அடித்த எழுத்து அப்போதே ஊர் தாண்டிப் போயிருக்கும். அதனால் தப்பைத் தொடரமாட்டோம், அதன் வாலில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று நாலைந்து அடிப்போம். எதிர்முனையில் இருப்பவர் இது கெட்டுப்போன வார்த்தை என்று விட்டுவிடுவார். கியூவுக்குப் பக்கத்தில் நான்கு எக்ஸ் அடித்தேன். கியூ என்றால் மூடு. கியூ எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றால்? அர்த்தம் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் என் நம்பிக்கை.

எண்டரை நான் தட்டியபோது பாவாயி கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்று இயந்திரம் பதில் எழுதியது. புரோகிராம் மூடவில்லை. அறியாமையை ஒப்புக்கொள்ளும் பண்பு மனிதர்களுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்று நினைத்தேன்.

கிடைத்துவிடும் என்று நான் சொன்னதுதான் தாமதம், செங்கோட்டுவேல் மேனேஜரை அழைத்துவர வெறுங்காலோடு ஓடிவிட்டார். தாளில் அச்சடித்துக் கொடுத்தால் மேனேஜர் ஏற்கமாட்டார், நாமே அடித்துக்கொண்டோம் என்பார். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பதோடு திரையில் பார்த்தால்தான் அவருக்கு எழுத்து. நான் உட்கார்ந்து, அன்று காலையில் அழித்தவை எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரும்படி யூ அடித்தேன். குறிப்பிட்ட ஒன்றை மட்டும் கேட்க அதன் எண் தெரிய வேண்டும், எனக்குத் தெரியாது. இது என் இரண்டாவது தவறு. முதல் தவறு அந்தச் சிவப்பு மைத் தாள்.

பதினான்கு மெயில்கள் வந்து வரிசையாக நின்றன. ஒன்று முதலாளியிடமிருந்து. ஒன்று தீவனக் கலவை. மீதிப் பன்னிரண்டும் முட்டை குடோன் பொன்னுசாமியிடமிருந்து. நான் அந்தப் பன்னிரண்டின் தலைப்புகளைப் படித்து முடிக்கவும், மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

‘மேனேஜர் வந்தாச்சு.’ ‘ரூமை விட்டு வெளிய வந்துட்டார்.’ ‘முதல் கொட்டாய்ல நிக்கறார்.’ ‘உங்க பக்கம் திரும்பறார்.’ ‘இல்ல, மூத்திரத்துக்கு.’ ‘திரும்ப ரூமுக்கு.’ இப்படியே போயிற்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மணியும் நிமிடமும். முட்டை குடோன் வாசலிலிருந்து பார்த்தால் மேனேஜர் அறை தெரியும். நாள்தோறும் இது நடந்துகொண்டிருந்தது. செங்கோட்டுவேலின் பெட்டி ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதும், கரும்பலகைக் கதையில் எவ்வளவு பங்கு உண்மை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தன.

பாவாயி துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே பெருக்கிய இடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு வரியையும் நிதானமாக, மேலிருந்து கீழாகப் படித்தார். ஒரு நல்ல பிழை திருத்துநர் அச்சுப்படியைப் படிப்பதுபோல் இருந்தது.

“ஒம்பதே முக்காலுக்கு நான் முதல் கொட்டாய்ல நிக்கல” என்றார். “ரெண்டாவதுல நின்னேன்.”

அப்போது திரையின் அடியில் புது மெயில் வந்திருப்பதாக ஒரு வரி வந்தது. திறங்க என்றார் மேனேஜர். திறந்தேன். ‘உங்க மில்லுக்குள்ளயே பூந்துட்டார், உசார்’ என்று இருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு நிமிசம் லேட்டு. சரி, முதலாளி மெயிலைப் போடுங்க.”

போட்டேன். கண் கலங்கி அழிக்கும் முன் செங்கோட்டுவேல் படித்தது அதன் முதல் வரியை மட்டும்தான் என்று இப்போது தெரிந்தது. மொத்தம் நான்கு வரிகள். செங்கோட்டுவேல் மகள் கல்யாணத்துக்கு வெள்ளைக் கார் கொடுக்கவும். டிரைவருக்கு அம்மை போட்டிருக்கிறது. லாரி ஓட்டுகிற எவனையும் காரைத் தொட விடக்கூடாது. மேனேஜரே ஓட்டிப் போய், என் சார்பில் கூட இருந்து, கல்யாணம் முடித்து வரட்டும்.

செங்கோட்டுவேல் ஏற்கெனவே லாரி ஓட்டுகிற தன் மச்சானை அழைத்து வந்து, வேஷ்டி மாற்றச் சொல்லி, கார் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

மேனேஜர் அந்த நான்கு வரிகளை இரண்டு முறை படித்தார். அனுப்பியவர் பெயரைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். முதலாளிக்கு ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் மெயில் அனுப்பத் தெரியும், இரண்டு பேருக்குச் சேர்த்து அனுப்ப நான் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அதனால் இந்தச் செய்தி அவருக்கும் இப்போதுதான் கிடைக்கிறது.

“எழுத்துல இருக்குது” என்றார். “மூணரைக்குக் கிளம்பலாம். நான் சட்டை மாத்தீட்டு வாரேன்.”

அவர் போன பிறகு செங்கோட்டுவேல் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“சார், இத மறுபடியும் அழிக்க முடியுங்களா?”

“எதுக்கு?”

“மொத வரிய மட்டும் வெச்சுக்கறனுங்க.”

முடியாது என்றேன். திரும்ப வேண்டும் என்று கேட்டால் முழுதாகத்தான் வரும். அவர் மச்சானிடம் சொல்லப் போனார்.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் இதில் இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அந்த இயந்திரத்தின் கனமான புத்தகத்தை முழுதாகப் படித்தேன். கியூ அடித்து எண்டர் தட்டும்வரை மெயில் பெட்டி என் அறை இயந்திரத்தில் கைபடாமல் அப்படியே இருக்குமாம். என் நாற்காலியை விட்டு எழாமல் ஒரே வரியில் அதை நகலெடுத்திருக்கலாம். செங்கோட்டுவேல் சொன்னபடி மின்சாரத்தைப் பிடுங்கியிருந்தாலும், கேபிள் அறுந்ததாக நினைத்து, எதையும் அழிக்காமல் புரோகிராம் ஒதுங்கிப் போயிருக்குமாம். அதாவது அன்று எங்களுக்கு இருந்த ஒரே ஆபத்து, முறைப்படி, மரியாதையாக மூடுவது. அதைத்தான் நான் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். தாள்களை நானே போய்க் கிழித்தேன். பாவாயி வருத்தப்பட்டார், அது ஒட்டியிருந்தது பார்க்க நன்றாக இருந்ததாம்.

கல்யாணத்துக்கு நான் மறுநாள் போனேன். கார் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜேடர்பாளையத்தில் நின்றிருக்கிறது. மேனேஜர் மெதுவாக ஓட்டுகிறவர், சைக்கிள்காரர்கள் தாண்டிப் போவார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு அதைவிடப் பொருத்தமான டிரைவர் கிடைக்கமாட்டார் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர்கள்தான் இரண்டு இடத்தில் நின்று அவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்த சித்தப்பா, முட்டை வேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். கியரை எப்போது மாற்றுவீர்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டாராம். பந்தியில் மேனேஜர் முதலாளி சார்பில் முதல் இலையில் உட்கார்ந்தார். செங்கோட்டுவேல் அவருக்குப் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். தூரத்தில் மூன்றாவது வரிசையில் பொன்னுசாமி, மேனேஜர் எழுந்திருக்கிறாரா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. பார்த்தால், கார் சம்பவத்துக்குப் பிறகு பண்ணையில் ஒருவரும் ஒரு மெயிலையும் அழிக்கவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். மேனேஜர் எத்தனை மணிக்கு எந்தக் கொட்டாயில் நின்றார் என்பது ஒரு வருடத்துக்கு இருந்தது, இப்போது திருத்தமாகவும் இருந்தது. தீவனக் கணக்குப் போட இடமில்லாமல் இயந்திரம் நின்றுவிட்டது. நான் ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சி அழிக்க வைத்தேன். கடைசியாக மில்லுக்குப் போனேன்.

செங்கோட்டுவேல் தாராளமாகச் சொன்னார். “எல்லாத்தையும் அழிச்சுக்குங்க சார். ஒண்ணாம் நம்பர மட்டும் தொடாதீங்க.”

முதல் எண்ணில் முதலாளியின் நான்கு வரிகள். கல்யாணம் முடிந்துவிட்டது, கார் அன்றைக்கே செட்டுக்குத் திரும்பிவிட்டது, பேரனும் பிறந்துவிட்டான், இனி இது எதற்கு என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் வழியாக மேனேஜர் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“கேட்டாலும் கேப்பாருங்க” என்றார்.